வரப்பில் வந்து நிற்கக் கூப்பிட்டுவிட்டார்கள்

என் பிரியமான வீட்டுக்காரருக்கு,

ஜெயித்துவிட்டீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு.

நம் இண்டூர்த் தக்காளிக் காட்டை ரோட்டுக்கு எடுப்பதாகக் காகிதம் வந்த நாள் நினைவிருக்கிறதா? அவசரம் என்று அரசு சொன்னால், நிலத்துக்காரரைக் கேட்காமலே எடுக்கலாம் என்று சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. திங்கள்கிழமை தவறாமல் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போனீர்கள். "நாங்க என்னங்க பண்றது? சட்டத்துல அப்படித்தான் இருக்குது" என்று கைவிரித்தார்கள்.

"அப்பச் சட்டத்து மேலயே மனு குடுக்கறேன்" என்று வந்து நின்றீர்கள். நான் சிரித்தேன். "சட்டசபையில போட்டத எவன் மாத்துவான்? போயி தக்காளிக்குத் தண்ணி கட்டுங்க" என்றேன். அந்த வாயை இப்போது எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வேன்?

ஹைகோர்ட் வக்கீலம்மாவிடம் நீங்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வரப்பு செதுக்கறதுக்கே பக்கத்துக் காட்டுக்காரனக் கூப்புட்டு நிறுத்திட்டுத்தாங்க மம்முட்டிய வெப்போம். காட்டையே எடுக்கறவங்க கூப்புட வேணாமுங்களா?" அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

நீங்கள் போன பிறகு, வாரிசாக என்னைச் சேர்த்து வழக்கை நடத்தினார். போன மாதம் தீர்ப்பு வந்தது. எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சட்டம் போடுவது சட்டசபையின் வேலைதான். ஆனால் அரசியலமைப்பு என்று ஒரு வரப்பு இருக்கிறது, அதைத் தாண்டிச் சட்டசபையும் உழ முடியாது. அந்தப் பிரிவு செல்லாது. நமக்கு வந்த காகிதமும் செல்லாது.

ரோடே வரக்கூடாது என்றும் கேட்டிருந்தீர்களே, அதை மட்டும் தரவில்லை. ரோடு எங்கே போவது என்பதை அரசுதான் முடிவு செய்ய வேண்டுமாம். எனக்குக் கோபம்தான். "கோர்ட்டும் அதோட வரப்பத் தாண்டலீங்கம்மா" என்றார் வக்கீலம்மா. நீங்கள் இருந்திருந்தால் ஒத்துக்கொண்டிருப்பீர்களோ?

உங்களைக் கிறுக்கு என்றவர்களே இனிப்புப் பொட்டலத்தோடு வந்தார்கள். கடத்தூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் போனில், "உங்க வூட்டுக்காரராலதான் எங்க காட்டுக்கும் நோட்டீஸ் செல்லாமப் போச்சுங்க" என்றார். போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். எல்லாம் சந்தோஷம்தான்.

நேற்றுப் புதுக் காகிதம் வந்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் நேரில் வந்து சொல்லலாமாம். பார்த்தீர்களா, கூப்பிட்டுவிட்டார்கள்!

நிலம் யார் பெயரில் என்று முதலில் கேட்பார்களாம். இத்தனை வருடத்தில் உங்கள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவரைத்தான் சொல்ல வைப்பேன். அன்றைக்கு நானே சொல்வேன், அந்த ஆபீசுக்கே கேட்கும்படி. இது சத்தியம். இங்கேயே எழுதிப் பழகிக்கொள்கிறேன்.

முனுசாமியின் மனைவி,
மாதம்மாள்