முதல் காய் அம்மனுக்கு

ஜூலை 22, 1957. திங்கள்

விடியற்காலை சுமத்திராக் காற்று. கூரைத் தகரம் பறந்துவிடும் போல ஆட்டம். பின்வேலியில் சுரைக்கொடி பாதி சரிந்து கிடக்கிறது. காய்க்குச் சேதமில்லை. பெரியது இரண்டு, நடுத்தரம் ஒன்று, பிஞ்சு நான்கு.

இந்த வருஷம் கொடி அசுர வளர்த்தி. காய்க்குக் கழுத்து ஒடுங்கியிருக்கிறது. விதை நோட்டைப் பார்த்தேன். 'சொந்தக் காய். ருசி நன்று. போன ஆடியில் எடுத்த விதை.' சந்தேகத்துக்கு இடமில்லை.

செய்ய வேண்டியது: கொடிக்குக் கயிறு. விளக்குத் திரி. அவருக்கு இனிப்புநீர் மாத்திரை, சர்க்கரை கூடுகிறது. பெரிய காய் இரண்டும் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. முதல் காய், வீட்டில் யார் வாயிலும் படக்கூடாது.

அவர்: "அம்மனுக்குப் பெருசு, எனக்குப் பிஞ்சா?" நடுத்தரம் உங்களுக்கு என்றேன்.

ஜூலை 25. வியாழன்

காலையில் காய் இரண்டும் தெருக்கோடிக் கோயிலில் கொடுத்தாயிற்று. மடைப்பள்ளிப் பண்டாரத்துக்குச் சந்தோஷம். நாளை மத்தியானப் பூசைக்குக் கூட்டு.

பிறகு நடுத்தரக் காயை அவருக்குச் சமைத்தேன். எனக்கு ஒரு பொழுது விரதம், உப்புக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் இலாகாவிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தார். முதல் வாய்க்கே முகம் சுளித்தார்.

"என்னம்மா, பாவக்காய்க்கு அண்ணனா இருக்கு."

"கசந்தா வச்சிடுங்க."

"கசப்பு இனிப்புநீருக்கு நல்லதுன்னு நீதானே சொல்லுவ." தட்டை வழித்துச் சாப்பிட்டார். நான்தான் சொல்வேன். தினமும் சொல்வேன்.

அரைமணிகூட ஆகவில்லை. வாந்தி. பிறகு வயிறு. பிறகு இரத்தம். உடம்பு சில்லென்று ஆகிவிட்டது. டாக்சி பிடித்து ஆஸ்பத்திரி. உப்புத் தண்ணீர் ஏற்றுகிறார்கள். மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் கேட்டார், மீன் சாப்பிட்டாரா என்று. மீன் ஏது, ஆடி மாசம். எழுத்து எனக்கே விளங்கவில்லை.

ஜூலை 26. வெள்ளி

காலையில் சட்டி கழுவ வீட்டுக்கு வந்தேன். பக்கத்து வீட்டு மீனாச்சி பீபி விசாரிக்க வந்தார். பரம்பரையாக இங்கேயே இருக்கும் செட்டி வீட்டு அம்மாள், தமிழ் வராது, மலாய்தான். பீபி என்றால் அத்தை. மிச்சக் கூட்டை விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார்.

"பாஹிட் செக்காலி. ஜாங்கான் மாக்கான்." கசப்பு, சாப்பிடாதே. அதோடு நிற்கவில்லை. "இனி ராச்சுன்." விஷம்.

மற்ற இரண்டு காய் எங்கே என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது.

மணி பதினொன்று. குடைகூட எடுக்கவில்லை. அம்மா தாயே என்று வாய் சொல்ல ஓடினேன். மடைப்பள்ளியில் கூட்டு இறக்கியாகிவிட்டது. மண்டபத்தில் பெண்கள், குழந்தைகள், அறுபது எழுபது பேர் இருக்கும்.

படைக்காதீர்கள், விஷம் என்றேன். பண்டாரம் நம்பவில்லை. "வாயில வைக்காம கசக்குதுன்னு எப்படிம்மா சொல்றது? படைக்கிறதுக்கு முந்தி நானும் ருசி பார்க்க மாட்டேன், எங்கப்பனும் பார்த்ததில்ல."

"கசந்தா சாப்பிட்டவங்க துப்பிட மாட்டாங்களா?" என்றேன்.

"பிரசாதத்தை யாரும்மா துப்புவா?"

அதுதான் என் பயமும். கசந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு விழுங்குவார்கள். குழந்தைக்கும் ஊட்டுவார்கள். மணி அடிக்கப் போனார்கள்.

பாத்திரத்தில் கை விட்டேன். எடுத்து வாயில் போட்டேன்.

கசப்பு. காது வரைக்கும் கசப்பு. மடைப்பள்ளித் தரையிலேயே துப்பினேன். எச்சில் பட்டதை இனிப் படைக்க முடியாது. பண்டாரம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வாசலில் ஒருத்தி: "புருஷன் ஆஸ்பத்திரியில கிடக்கிறப்ப இவளுக்கு வந்த பசியைப் பாரு."

அம்மன் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பார்க்காமலே வந்துவிட்டேன். முப்பத்தெட்டு வயதில் முதல் தடவை.

ஜூலை 28. ஞாயிறு

அவருக்குத் தேவலை. கஞ்சி இரண்டு கரண்டி. இரத்தம் நின்றது.

பக்கத்துக் கட்டிலில் கால் முறிந்த ஆறுமுகம் என்பவர். விவசாய இலாகா நாற்றுப் பண்ணையில் தூரிகையால் மகரந்தம் தொட்டுக் கலப்புக் கட்டும் வேலையாம். நடந்ததைக் கேட்டதும் ஆறுமுகத்துக்கு விளங்கிவிட்டது.

"போன வருஷம் பக்கத்துல வேற சுரை இருந்துச்சாக்கா?"

இருந்தது. புக்கிட் ரம்பாயிலிருந்து வந்த குடுக்கைச் சுரை. காயவைத்து ஏனம் செய்ய, அதே வேலியில் நானே ஏற்றிய கொடி.

"அது பேய்ச்சுரை. ராத்திரிப் பூச்சி இங்கேயும் அங்கேயும் உட்காந்திருக்கும்."

"போன வருஷக் காய் நல்லாத்தானே இருந்துச்சு?"

"காய் தாயோடது. உள்ள இருக்கிற விதைதான் ரெண்டு பேருக்கும் பிறந்தது. முளைச்சுக் காய்ச்சாத்தான் தகப்பன் யாருன்னு தெரியும்."

ருசி பார்த்து எடுத்த விதை என்று எழுதி வைத்திருக்கிறேன். என்ன ருசி பார்த்தேன்.

இது புதுச் செடியா என்று கேட்டேன். இல்லையாம், சுரையும் சுரையும் ஒரே இனம்தானாம். வேறு வேறு இனம் கலந்தால் பிறப்பது பெரும்பாலும் மலடு. பூக்கும், விதை கட்டாது. எப்போதோ ஒன்றுக்கு உள்ளே இருக்கும் தாய்க்கூறு, தகப்பன் கூறு எல்லாம் இரட்டிப்பாகிவிடும். அது விதை கட்டும். பிறகு தாய்ச்செடியோடும் சேராது, தகப்பனோடும் சேராது, தனியாக நின்றுவிடும். அதுதான் புது இனம். ரொட்டிக் கோதுமை அப்படி வந்ததாம்.

"யார் செஞ்சா?"

"யாரும் செய்யலக்கா. வயல்ல தானா நடந்தது."

ஆண்டவன் படைத்து முடித்தாயிற்று என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இன்னும் நடக்கிறதாம். என் பின்வேலியிலேகூட, நான் தூங்கும்போது. பயமாயிருக்கிறது என்று வாய்விட்டே சொன்னேன்.

அவர் கண்ணை மூடியபடி: "நம்ம பிள்ளையாருக்குத் தலை வேற, உடம்பு வேற. அவரைக் கண்டு பயந்தியா?" சிரிக்கத் தெம்பில்லை, கேலிக்கு மட்டும் இருக்கிறது. கன்னத்தில் போட்டுக்கொண்டேன், அவருக்கும் சேர்த்து.

கிளம்பும்போது ஆறுமுகம்: "விதை வேற யாருக்கும் குடுக்கலியே?"

ஜூலை 29. திங்கள்

கொடுத்திருக்கிறேன். சித்திரைப் பூசையன்று கோயிலில், மஞ்சள் தாளில் மடித்து ஆறு பொட்டலம். நோட்டில் இருக்கிறது.

கொடியைப் பிடுங்கி எரித்தாயிற்று. மீ. பீபி கூட நின்று கிளறினார். பச்சைக்கொடி, ஒரே புகை.

வீடு வீடாகப் போனேன்.
1. தையற்காரர் வீடு. முளைக்கவேயில்லை.
2. டிரைவர் வீடு. ஆடு தின்றுவிட்டது. ஆட்டுக்கு ஒன்றுமில்லை.
3. வாத்தியார் வீடு. பிஞ்சு. கண்ணெதிரே வெட்டினார்கள்.
4. சலவைக்காரர் வீடு. விதை அப்படியே டப்பாவில். வாங்கிக்கொண்டேன்.
5. கோயிலில் என்னைப் பேசினவள் வீடு. கொடி இருந்தது. வெட்டச் சொன்னதும் "பிரசாதத்தைக் கெடுத்தது போதாதா" என்றாள். பச்சைக்காயில் ஒரு நறுக்கு நாக்கில் வைக்கச் சொன்னேன். வைத்தாள். அரிவாளை அவளே எடுத்து வந்தாள்.
6. 'பச்சைப் புடவை, பத்து பெரெண்டாம்.' புடவை நிறமும் ஊரும், இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். பெயர் கேட்கவில்லை.

எதையும் விடாமல் எழுதுகிறவள் இதை மட்டும் கேட்காமல் விட்டேன்.

ஜூலை 31. புதன்

பஸ் ஏறி பத்து பெரெண்டாம் போனேன். பச்சைப் புடவை என்று யாரைக் கேட்பது? பள்ளிப் பிள்ளைகள் மெர்டேக்கா சுதந்திர தினத்துக்கு அணிவகுப்புப் பழகுகிறார்கள். வேலி வேலியாகப் பார்த்து நடந்தேன். சுரைக்கொடி மூன்று. எதற்கும் கழுத்து ஒடுங்கவில்லை. ஒரு வீட்டில் நாய் துரத்தியது. வெறுங்கையோடு திரும்பினேன்.

அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். இராத்திரி ரசம் சாதம். நான் முதலில் வாயில் வைத்துப் பார்த்தேன். கசக்கிறதா, என் நாக்கே அப்படி ஆகிவிட்டதா? அவர் நன்றாயிருக்கிறது என்கிறார்.

ஆகஸ்டு 2. வெள்ளி

வெயில். கோயிலுக்குப் போகாமலிருக்க முடியவில்லை. மண்டபத் தூணோடு ஒட்டி நின்றேன். பண்டாரம் என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்.

பத்தரைக்கு ஒரு பெண் படியேறி வந்தாள். இன்று நீலப் புடவை. முகம் ஞாபகம் வந்தது. இடுப்பில் கைக்குழந்தை. கூடையில் சுரைக்காய் இரண்டு, கழுத்து ஒடுங்கி.

"நீங்க குடுத்த விதைதான்க்கா. நேத்து மாமனார்கூடக் கேட்டாரு, இனிப்புநீர்க்காரரு. குடுக்கலியே. முதல் காய் அம்மனுக்குத்தான், அப்புறந்தான் வீட்டுக்குன்னுட்டேன்."

"யாரும் வாயில வைக்கலியே?"

"ஒருத்தரும் இல்ல."

கூடையைப் பிடுங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பண்டாரம் வெளியே வந்தார். காயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மடைப்பள்ளிக்குப் போய்க் கத்தி எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"படிக்கு வெளியில நறுக்கி நாக்குல வச்சுப் பாருங்கம்மா. வெளியிலன்னா எச்சில் இல்ல."

நறுக்கினேன்.