சொன்னபடி கேட்காத அழுகை

ராவுத்தரே,

இன்று ஒப்பணக்காரத் தெருவில் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் காடாத்துணியை உதறி விரித்தார். கஞ்சி வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. டாக்கிப் படம் பிடிக்கும் கொட்டகையில், நடிப்பவர்களுக்கு உடுப்புத் தைக்க நீங்கள் உட்காரும் மூலை முழுக்க இந்த வாசனைதான் இருக்கும். நீங்கள் போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

தொண்டாமுத்தூரிலிருந்து தேங்காய் ஏற்றி வந்தவன், சிநேகிதரான உங்களைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒருநாள் அங்கே நுழைந்தேன். அன்றைக்கு இழவுக் காட்சி. கூட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று என்னையும் பிடித்து நிறுத்தினீர்கள். “சும்மா நின்னாப் போதுங்க கவுண்டரே” என்றீர்கள். நானும் நின்றேன். எல்லோரும் அழத் தொடங்கினார்கள். எனக்குள் எங்கிருந்தோ ஒன்று கிளம்பியது பாருங்கள், காட்சி முடிந்து மற்றவர்கள் பீடி பற்றவைத்த பிறகும் நிற்கவில்லை. பாடையில் பிணமாகக் கிடந்தவரே எழுந்து வந்து என்னைத் தேற்றினார். கொட்டகையே சிரித்தது.

நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. “ஏனுங்க, ஊட்டுல ஏதாச்சும் ஆகிப்போச்சுங்களா?”

“ஒண்ணுமில்லீங்க. நிக்கமாட்டேங்குதுங்க.”

“அப்பறம் அதைய ஏனுங்க அமுக்கறீங்க? வாரது வரட்டுங்க. நான் இங்கயேதான இருக்கறேன்” என்று தையலை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள்.

அது யாருக்கான அழுகை? என் அப்பன் செத்தபோது சொட்டுக் கண்ணீர் விடாதவன் நான். பந்தலுக்கும் பந்திக்கும் ஓடவே பொழுது சரியாக இருந்தது. ஒருவேளை அப்பனுக்காகத்தானோ? அப்படியும் உறுதியாகச் சொல்ல வரவில்லை. எனக்குள் இருக்கும் ஏதோ ஒன்றுக்கு நான் எசமானன் இல்லை என்பது மட்டும் அன்று தெரிந்தது.

உங்களை அடக்கம் செய்தபோது அது வரும் என்று காத்திருந்தேன். துண்டைக்கூடத் தயாராகக் கையில் வைத்திருந்தேன். ஆளாளுக்கு மண் அள்ளிப் போட்டார்கள், நானும் போட்டேன். உங்கள் மகன் என் தோளில் விழுந்து கதறினான். நான் மரக்கட்டை மாதிரி நின்றேன். முன்பின் தெரியாத ஒருவர் பிணமாக நடித்ததற்கு அப்படி அழுதவனுக்கு, உங்களுக்காக ஒரு சொட்டு வரவில்லை. இது என்ன நெஞ்சு, ராவுத்தரே? உங்களைக் கேட்டால் ஏதாவது சொல்வீர்கள். கேட்க நீங்கள் இல்லை.

வண்டி ஓட்டும்போதும் பாத்தி கட்டும்போதும் உள்ளே கனமாக ஏதோ கிடக்கிறது. அது எப்போது கிளம்பிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கிளம்பாமலே போய்விடுமோ என்றும் பயமாக இருக்கிறது.