முழங்கையில் ஒரு தட்டு

பிரியமுள்ள மதினிக்கு,

நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. நமக்குள் கடிதம் எழுதும் பழக்கம் இருந்ததில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாளுக்கு மூன்று தடவை சண்டை போடுகிற மதினியும் நாத்தனாரும் எதற்குக் கடிதம் எழுதப்போகிறார்கள்? இப்போது உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. ஒன்று சொல்லவும் வேண்டியிருக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. அண்ணன் வழக்கம்போல் ஏரல் பள்ளிக்கூடத்துக்கு பஸ் பிடித்துப் பாடம் நடத்தப் போய் வருகிறான். சமையல் நான்தான். சொதி வைத்தால் தேங்காய்ப்பால் திரிந்துவிடுகிறது. அண்ணன் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்துபோகிறான், அதுதான் எனக்கு எரிச்சல். உங்கள் மகள் ஜெனிக்குப் பத்து வயது முடிந்துவிட்டது. பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

ஜெனிக்கு ஆட்டிசம் என்று டாக்டர் சொன்ன அன்று அண்ணன் ஜெபம் பண்ணக் கோயிலுக்குப் போனான். நான் ஆபீசுக்குப் போனேன். நீங்கள் பயிற்சி எங்கே கொடுக்கிறார்கள் என்று விசாரிக்கப் போனீர்கள். அப்படித்தான் மேலப்பாளையத்திலிருந்து தெரபிஸ்ட் பர்வீன் நம் வீட்டுக்கு வர ஆரம்பித்தாள். வாரத்தில் இரண்டு நாள் அவள், மற்ற நாளெல்லாம் நீங்கள்.

தாகம் எடுத்தால் சுவரில் தலையை முட்டிக்கொள்கிற பிள்ளைக்கு, 'தண்ணி' என்று கேட்கப் படித்துக்கொடுக்க வேண்டும். அதற்கு நீங்கள் கையாண்ட வழி எனக்குப் பிடிக்கவில்லை. காராச்சேவு கொடுத்துத் தாகத்தை வரவழைப்பீர்கள். டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு காத்திருப்பீர்கள். அவள் கேட்டால் தண்ணீர் கிடைக்கும்.

"நாயைப் பழக்குத மாதிரில்லா பழக்குதீங்க" என்று நான் ஒருநாள் சொன்னேன்.

"நீ மட்டும் காலைல காப்பி வாசம் வராம எந்திரிச்சிருவியாக்கும்?" என்றீர்கள். நியாயமான கேள்விதான், அன்று அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

உங்கள் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும் என்பதால், பயிற்சித் தாள் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. ஆபீசில் ரிஜிஸ்டர், வீட்டில் இது. ஒவ்வொரு தடவைக்கும் ஒரு வரி. ஜெனி தானாகக் கேட்டாளா, உதவியோடு கேட்டாளா என்று தாளில் ஒரு கட்டத்துக்குள் எழுத வேண்டும். உதவியோடு என்றால், உதவியது யார், எப்படி என்று அடுத்த கட்டத்தில். ஜெனிக்கு இடப்பக்கம் பாயில் நீங்கள், வலப்பக்கம் நாற்காலியில் நான். மூன்று மாதத்தில் 'தானாக', 'தானாக' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். பர்வீன் பார்த்துவிட்டு, ஜெனி தண்ணீர் கேட்கப் படித்துவிட்டாள் என்று சொன்னாள். நீங்கள் கேசரி கிண்டினீர்கள்.

பிறகு ஜெனியைச் சிறப்புப் பள்ளியில் சேர்த்தோம். அங்கேயும் நாள் முழுக்க நீங்கள் கூடவே உட்கார்ந்திருந்தீர்கள். போன டிசம்பரில், வீட்டு வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டின வாரத்தில், உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றே நாள்.

ஜெனி அழவில்லை. அதைப் பற்றி நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் தண்ணீர் கேட்கவில்லை. கொடுத்தால் குடிப்பாள், கேட்க மாட்டாள். பிள்ளை ஏங்கிப்போச்சு என்று சபையில் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். நேரம் பார்த்து நாங்களே கொடுத்துக்கொண்டிருந்தோம்.

சித்திரை வெயிலில் ஒருநாள் பள்ளியில் மயங்கி விழுந்துவிட்டாள். பை அவள் மடியிலேயே இருந்திருக்கிறது, பைக்குள் பாட்டில் நிறையத் தண்ணீர். "அவ கேக்கவே இல்லையேம்மா" என்றார் டீச்சர். ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றின நர்ஸம்மா என்னைப் பார்த்து, "தாமிரவரணி ஓடுத ஊர்ல ஒரு பிள்ளை தண்ணி இல்லாம விழுதாளே, நீங்கல்லாம் என்ன செய்யுதீங்க?" என்று கேட்டார். கேட்கத் தெரியும் வரை அவளை வீட்டிலேயே வைத்திருங்கள், எங்களுக்குப் பயமாக இருக்கிறது என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள்.

பர்வீனைத் திரும்பக் கூப்பிட்டேன். ஏக்கமாக இருக்கலாம், இல்லை என்று சொல்லமாட்டேன் என்றாள். பிறகு, அண்ணன் எதிரே நின்று போனில் எடுத்த பழைய வீடியோக்களைக் கேட்டாள். இரண்டாவது வீடியோவில் நிறுத்தினாள்.

"அக்கா, இங்கன பாருங்க. அம்மா கை எங்கன இருக்கு?"

உங்கள் வலது ஆள்காட்டி விரல் ஜெனியின் இடது முழங்கையில் ஒரு தட்டுத் தட்டியது. ஜெனி 'தண்ணி' என்றாள். அடுத்த வீடியோவிலும் தட்டு, தண்ணி. இருந்த எல்லா வீடியோவிலும் அப்படியே. ஜெனியின் உடம்பு மறைத்ததால் என் நாற்காலியிலிருந்து அது தெரிந்திருக்காது. பர்வீனோ பிள்ளையின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அப்போ நான் எழுதினதெல்லாம்?"

"தப்புக்கா. நானும்லா கவனிக்கல."

இருபது வருஷமாக ரிஜிஸ்டர் எழுதுகிறவள் நான். உங்கள் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. எதிரில் நின்று பதில் சொல்ல நீங்கள் இல்லாததால் அது இன்னும் கூடியது. நான் கேட்க வந்தது இதுதான் மதினி. தெரிந்தேதான் தட்டினீர்களா? தாளில் 'தானாக' என்று விழ வேண்டும் என்ற அவசரமா? இல்லை, மனசுக்குத் தெரியாமல் கை செய்த வேலையா?

தட்டிலிருந்தே மறுபடி ஆரம்பிப்போம், பிறகு பையப் பையக் குறைப்போம் என்றாள் பர்வீன். உங்கள் இடத்தில், பாயில், நான் உட்கார்ந்தேன். ஜெனியின் முழங்கையில் ஒரு விரலால் தட்டினேன். நாலு மாதமாகக் கேட்காத பிள்ளை, உடனே, தெளிவாக, 'தண்ணி' என்றாள். நான் எழுந்து அடுப்படிக்குப் போய் அழுதேன். பர்வீன்தான் டம்ளரை அவள் கையில் கொடுத்தாள்.

தட்டு வருடலாக ஆனது. வருடல், விரல் பட்டும் படாமலும் என்று ஆனது. இதற்கே மாதங்கள் ஆயின. ஒருநாள் பர்வீன், "இனி தொடவே கூடாதுக்கா" என்றாள்.

அங்கேதான் நான் தப்புச் செய்தேன். ஒரு வாரம் பர்வீன் பார்க்காத நேரமாகப் பார்த்துத் தட்டினேன். உங்கள் சேலைகளை அண்ணன் கொடுத்துவிட்டான். ஜெனியிடம் உங்களுடையது என்று மிச்சம் இருந்தது அந்தத் தட்டு ஒன்றுதான். அதையும் நான் என் கையாலேயே அழிக்க வேண்டுமா? ஆனால் தாளில் பொய் எழுத வரவில்லை. 'உதவியோடு. எஸ்தர், முழங்கையில்' என்று ஒழுங்காக எழுதி வைத்தேன், பர்வீனிடம் மாட்டிக்கொண்டேன்.

அவள் கோபப்படவில்லை. "அக்கா, நீங்க இல்லாத எடத்துலயும் பிள்ளைக்குத் தாகம் எடுக்கும்லா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்றிலிருந்து இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஜெனி கேட்கவில்லை. பல நாள் கேட்கவில்லை. பழையபடி சுவர்ப் பக்கம் நகர்ந்தாள். டம்ளரை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று எனக்குக் கை துடித்தது.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம், வெளியே மழை. காராச்சேவு தின்றாள். டம்ளரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு தன் வலது கையைக் குறுக்கே கொண்டுபோய், ஆள்காட்டி விரலால், தன் இடது முழங்கையில் தானே ஒரு தட்டுத் தட்டினாள்.

"தண்ணி."

நாலு தடவை கேட்டாள், நாலு தடவையும் தட்டிவிட்டுத்தான் கேட்டாள். மறுநாள் அண்ணனிடமும் அப்படிக் கேட்டாள். அண்ணன் பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டினான். திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். நாங்கள் யாரும் கூட உட்காரப்போவதில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பர்வீன் பேனாவை என்னிடம் நீட்டி, "தானாகன்னு போடுங்கக்கா" என்றாள். அவள் சொன்னதுதான் முறை. நான் 'உதவியோடு' என்று எழுதினேன். உதவியது யார் என்ற கட்டத்தில் 'அம்மா' என்று எழுதினேன். பர்வீன் வாசித்துப் பார்த்தாள். அடித்துத் திருத்தச் சொல்லவில்லை.

அந்தத் தட்டையும் ஒருநாள் நிறுத்திவிடலாம் என்று யாராவது வருவார்கள். யாருக்கு அது இடைஞ்சல் என்று கேட்டு அனுப்பிவிடுவேன் மதினி. நான் இருக்கும் வரை அதைக் குறைக்க விடமாட்டேன். எனக்குப் பிறகும் அது அவள் கையிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
சண்டைக்கு ஆளில்லாமல் இருக்கும் உங்கள் நாத்தனார்,
எஸ்தர்