நீ கேட்ட வண்டியைப் பற்றி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் வீட்டுக்காரிக்கு வாந்தி நின்றுவிட்டது என்று கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஏழாம் மாதம் பிறந்துவிட்டது, மாடிப்படி ஏறி இறங்குவதைக் குறைக்கச் சொல். துணி காயப்போடுகிற வேலையை நீ செய்தால் ஒன்றும் குறைந்துபோய்விட மாட்டாய்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் இரண்டாவது நிமிடமே போன் உன் அத்தான் கைக்குப் போய்விடுகிறது. அப்புறம் வண்டிப் பேச்சுதான். "ரெண்டு டன்னுக்கு மேல கனம் மாப்ள. அதனாலதான் உங்க அக்காவும் பொண்ணும் இன்னிக்கு உயிரோட இருக்காங்க. யோசிக்காம அதையே வாங்கு" என்று அவர் உன்னிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். நீயும் குழந்தை பிறப்பதற்குள் வாங்கிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். போன வாரம் என்னிடம் தனியாகக் கேட்டாய், "நிஜமாவே அவ்ளோ விலைக்குத் தகுமா அக்கா?" என்று. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். இப்போது சொல்கிறேன்.

அத்தான் சொன்னதில் பொய் இல்லை. விபத்து நடந்த அன்றைக்கு எங்கள் வண்டியில் முன்பக்கத் தகடு வளைந்தது, ஒரு விளக்கு உடைந்தது, அவ்வளவுதான். பின்சீட்டில் இருந்த நம் வாலுவுக்கு ஒரு கீறல்கூட இல்லை. "அம்மா, இடிச்சிட்டோமா?" என்று என்னிடம் கேட்டாள். அவளுக்கு அதுவே சந்தேகமாக இருந்தது. எதிரில் இருந்த சின்ன கார் பாதி சாலைக்குத் தள்ளிப் போயிருந்தது. ஓட்டுபவர் பக்கத்துக் கதவு, கியர் இருக்கிற இடம் வரைக்கும் உள்ளே போயிருந்தது. ஆகவே உள்ளே இருப்பவர்களுக்குப் பாதுகாப்பா என்று கேட்டால், ஆமாம். கண்ணால் பார்த்தேன்.

அந்தக் காரை ஓட்டி வந்தது ஒரு பெண். என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அழகு நிலையத்தில் முடி வெட்டுகிற வேலை. அவர் சந்திலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பும்போது நான் இடித்துவிட்டேன். மழை, வழுக்கல், அவர் கொஞ்சம் முன்னே வந்துவிட்டார் என்று எழுதி விவகாரத்தை முடித்துவிட்டார்கள். இதுவரை உனக்குத் தெரிந்த கதை.

ஐந்து மாதம் கழித்து, போன மாதம், அவர் என் எக்ஸ்ரே அறைக்கு வந்தார்.

நான் சீட்டைப் பார்க்காமலே உள்ளே கூப்பிட்டுவிட்டேன். இரண்டு பக்கமும் ஊன்றுகோல். தொடை எலும்பு, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, இரண்டு படம் எடுக்க வேண்டும். மேசையில் படுக்க நான்தான் கை கொடுத்தேன். முகத்தைப் பார்த்ததும் அவர்தான் என்று தெரிந்துவிட்டது. முகக்கவசம் போட்டிருந்ததால் அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. "அசையாம இருங்க" என்று சொல்லிவிட்டுத் தடுப்புக்குப் பின்னால் போய் நின்றேன். திரையில் படம் வந்தது. இடுப்பிலிருந்து முட்டி வரை ஒரு கம்பி, மேலும் கீழும் திருகுகள். பதினாறு வருஷமாக இந்த மாதிரி எத்தனையோ பார்த்திருக்கிறேன். எப்படி ஆனது என்று யாரையும் கேட்டதில்லை, அது என் வேலையும் இல்லை. இது எப்படி ஆனது என்று எனக்குத் தெரியும்.

அன்றைக்கு நான் எழுபதைத் தாண்டி வந்தேன், தம்பி. அந்தச் சாலையில் ஐம்பதுக்கு மேல் போகக் கூடாது. பழைய சின்ன வண்டியாக இருந்தால் அந்த மழையில் நாற்பதைத் தாண்டியிருக்க மாட்டேன். வண்டியே ஆடி, சத்தம் போட்டு என்னைப் பயமுறுத்தியிருக்கும். இதில் உயரத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டால் வீட்டுக் கூடத்தில் இருக்கிற மாதிரிதான். வேகம் உடம்புக்குத் தெரிவதே இல்லை. அதுவும் போக, நமக்கு ஒன்றும் ஆகாது என்கிற நினைப்பு. வாலுவுக்கு நீச்சல் வகுப்புக்கு நேரமாகிவிட்டது, வேறு அவசரம் எதுவும் இல்லை. பிரேக்கை மிதித்தேன், வண்டி கேட்கவில்லை, போய்க்கொண்டே இருந்தது. விசாரித்த அதிகாரியிடம் அளவான வேகத்தில்தான் வந்தேன் என்று சொன்னேன். அதை எழுதிக்கொண்டார், கையெழுத்துப் போட்டேன்.

படம் எடுத்து முடிந்ததும் முகக்கவசத்தைக் கழற்றினேன். "நான்தான் உங்கள இடிச்சது. வேகமா வந்தேன். பொய் சொல்லிட்டேன்" என்றேன். ஒத்திகை பார்த்துச் சொன்ன மாதிரி வந்தது, ஆனால் ஒரு நிமிடத்துக்கு முன்பு வரை சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

அவர் அழவில்லை, திட்டவில்லை. மேசையில் படுத்தபடியே கையை நீட்டினார். "என்னைத் தூக்கி விடுங்க" என்றார். உட்கார்ந்ததும் கேட்டார், "நான்தான் பாக்காம வந்துட்டேன்னு எல்லாரும் சொல்றாங்க. எம் புருஷன்கூட. அஞ்சு மாசமா நானும் அப்படித்தான் நெனச்சிட்டு இருந்தேன். இத எழுதித் தருவீங்களா?"

எழுதிக் கொடுத்தேன். அவருக்கு ஒரு பிரதி, விசாரணை அலுவலகத்துக்கு ஒரு பிரதி.

போன திங்கட்கிழமை மறுபடி படம் எடுக்க வந்தார். ஒரு ஊன்றுகோல்தான் இருந்தது. எலும்பு கூடி வருகிறது, ஆனால் நாள் முழுக்க நின்று வேலை செய்ய முடியுமா என்பது இனிமேல்தான் தெரியும். கிளம்பும்போது வாசலில் நின்று, "உங்க வண்டி என்ன கம்பெனி?" என்று கேட்டார். எதற்கு என்றேன். "எவ்ளோ கடன் ஆனாலும் அது மாதிரி ஒண்ணுதான் வாங்கணும். இனிமே சின்ன வண்டில உக்கார எனக்கு தைரியம் இல்ல" என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கம்பெனிப் பெயரைச் சொன்னேன்.

அவரிடம் சொல்ல முடியாததை உன்னிடம் சொல்லலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். அந்த வண்டி என்னைக் காப்பாற்றியது, சரி. ஆனால் அதில் ஏறி உட்கார்ந்த பிறகு நான் வேறு ஆளாக ஓட்டினேன். நீ அப்படி ஆகமாட்டாய் என்று நிச்சயமாகத் தெரிந்தால் வாங்கிக்கொள். என் அபிப்பிராயம் கேட்டால், நடுத்தரமான ஒன்று போதும். நல்ல பிரேக், காற்றுப்பை, குழந்தைக்கு ஒழுங்கான இருக்கை, தேயாத டயர். மிச்சப் பணத்தில் சம்பளமில்லாத விடுப்பு இரண்டு மாதம் போட்டு அவள் பக்கத்தில் இரு. முதல் குழந்தை, தூக்கமே இருக்காது.

இன்னொன்று. நேற்று விசாரணை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வியாழக்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளலாம், அபராதமும் இருக்கலாம், அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. அத்தானுக்கு இதில் எதுவுமே தெரியாது. நான் ஆறு மாதமாக வண்டியைத் தொடாததை அவர் பயம் என்று நினைத்து, தினமும் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வந்து விட்டுப் போகிறார். இன்று சாயங்காலம் அவர் வேலை முடிந்து வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறேன். சொல்லாமல் பின்வாங்கிவிடக் கூடாது என்றுதான் முதலில் உனக்கு எழுதி, இதைத் தபாலிலும் போட்டுவிட்டு வருகிறேன்.

இது உன் கைக்கு வருவதற்குள் அவர் உன்னைக் கூப்பிட்டிருந்தாலும் இருப்பார். ஆத்திரத்தில் ஏதாவது பேசுவார், பேசட்டும். நீ எனக்காகப் பரிந்து பேச வேண்டாம், கேட்டுக்கொள், போதும். உனக்கும் என்மேல் கோபம் வரும். சின்ன வயதில் நீ ஒரு பொய் சொன்னால் காதைத் திருகினவள் நான்தானே. உன் கோபத்தையும் தாங்கிக்கொள்வேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை எப்போதும் போல ஒரு தடவை என்னைக் கூப்பிடு. வேறு எதுவும் பேச வேண்டாம், அவள் என்ன சாப்பிட்டாள், வயிற்றில் குழந்தை எப்படி உதைக்கிறது என்று மட்டும் சொல்.

தாயும் பிள்ளையும் நல்லபடியாகப் பிரிந்து, பிறக்கப்போவது யாருக்கும் பயப்படாமலும் யாரையும் பயமுறுத்தாமலும் நூறு வருஷம் இருக்கட்டும்.

என்றும் உன் அன்பை எதிர்பார்க்கும்,
அக்கா