வாய்க்கரிசி போடாத மகள்

என் பாய்லர்கார அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை உனக்குத் தலை திவசம். முரளி வந்து சொல்லிவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை, வண்டியை அணைக்கவும் இல்லை. "அக்கா, காலையிலயே வந்துடு. சொந்தக்காரங்க எல்லாரும் வர்றாங்க. பாப்பாவ மட்டும் யார்கிட்டயாவது வுட்டுட்டு வா" என்றான் உன் பிள்ளை.

"யார்கிட்ட வுடறது? போன தடவ வுட்டனே, அந்த மாதிரியா?" என்று கேட்டேன். வண்டியை முறுக்கிக்கொண்டு போய்விட்டான். நான் கேட்டது தப்பா அப்பா?

இந்தக் கடிதத்தை எழுதி உன் படத்துக்குப் பின்னால் செருகி வைக்கப் போவதில்லை. நான்கு பேர் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நம் வீட்டில் மூடி வைத்ததெல்லாம் போதும்.

முதலில் உன்னைப் பற்றிய நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் செத்துப்போன அப்பனைத் திட்டுகிறாள் என்பார்கள். என் மகள் இனியா ஒன்றரை வயதாகியும் தலை நிற்காமல் துவண்டு கிடந்தபோது, வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு என்னோடு பஸ் ஏறி வந்தது நீதான். என் புருஷனுக்கு ஷூ கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. ரத்தம், எம்ஆர்ஐ, ஜீன் டெஸ்ட் என்று ஒவ்வொன்றுக்கும் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றாய்.

மைட்டோகாண்ட்ரியா என்று டாக்டர் சொன்னபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிட்டதை உடம்பு சக்தியாக மாற்றுகிற இடம், அது ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது, இவளுக்கு அங்கேதான் கோளாறு, குணப்படுத்த மருந்து கிடையாது என்றார். நீ கேட்டாய். "அதாவது டாக்டர், வெறகு இருக்குது, போட்டாலும் ஸ்டீம் சரியா வரல. அதானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். அதேதான் என்றார். தோல் பதனிடும் டேனரியில் இருபத்தேழு வருஷம் பாய்லர் பார்த்தவனுக்கு அவர் மேற்கொண்டு விளக்க வேண்டியிருக்கவில்லை. "அப்ப ஒரேடியா போட்டு அடைக்கக் கூடாது. கம்மி கம்மியா, நேரம் தவறாம போட்டுனே இருக்கணும். அணைய வுட்டா திரும்பப் புடிக்க வைக்கறது கஷ்டம்" என்று அவருக்கே பாடம் எடுத்தாய்.

அன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆஸ்பத்திரியில் கொடுத்த பவுடர் கலந்த கஞ்சி. ஐந்து, எட்டு, பதினொன்று, இரண்டு. மறுபடி ஐந்து. நான் கம்பெனியில் ஷூவுக்கு மேல்தோலான அப்பர் தைத்துக்கொண்டிருக்க, வீட்டில் நீ கிண்ணமும் ஸ்பூனுமாக உட்கார்ந்திருப்பாய். மூன்று வயதில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உன்னைப் பார்த்து "தா" என்றாள். அவளுக்கு இருந்தது அந்த ஒரு வார்த்தைதான். என்னை அம்மா என்று அவள் கூப்பிட்டதே இல்லை, அதற்காக உன்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது.

நல்லது முடிந்தது. இனி மற்றதைச் சொல்கிறேன்.

ஜீன் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் பரம்பரை என்றொரு வார்த்தை சொன்னார். அவ்வளவுதான், நீ எழுந்து வெளியே போய்விட்டாய். நான் உள்ளே உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் "உங்க வழியா வந்திருக்குதும்மா" என்று அவர் சொன்னதும் என் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் என் தலையில் ஏறவில்லை. நீ முழுசாகக் கேட்கவில்லை, நான் பாதியோடு நின்றுவிட்டேன்.

பஸ் பள்ளிகொண்டா தாண்டியது. அப்புறம் சொன்னாய்: "யார் கேட்டாலும் சளின்னு சொல்லு. நெஞ்சுச் சளி, போகப் போக சரியாயிடும்னு சொல்லு. முரளிக்குப் பொண்ணு பாக்கணும். பரம்பரை வியாதின்னு ஒரு வார்த்த வெளிய போச்சின்னா எவன் பொண்ணு குடுப்பான்?"

நானும் சரி என்றேன். என்னால்தான் இது வந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு வேறு என்ன சொல்லத் தோன்றும்?

எத்தனை சாமர்த்தியமாக மறைத்தாய் அப்பா. சொந்தக்காரர்கள் வந்தால் பவுடர் டப்பாக்கள் சிலிண்டருக்குப் பின்னால் போய்விடும். போன் அலாரத்தை அணைத்துவிட்டு வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பாய். நேரம் வந்ததும் அவளைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாய். "தாத்தாவும் பேத்தியும் ஜாஸ்திதான் கொஞ்சிக்கறாங்க" என்று சித்தி சிரிப்பாள். நீயும் சிரிப்பாய்.

நெமிலியில் முரளிக்குப் பெண் அமைந்தது. விவசாயக் குடும்பம், பெண் பி.எஸ்சி. படித்தவள். பூ வைத்து உறுதி செய்கிற அன்று இனியாவுக்குச் சட்டை போட்டுப் பொட்டு வைத்து, பசி வராத நேரமாகப் பார்த்துச் சபையில் காட்டிவிட்டு உள்ளே கொண்டுபோய்விட்டாய். உனக்கு எவ்வளவு நிம்மதி அன்றைக்கு. அடுத்த மாதம் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

அன்று காலை ஐந்து மணிக் கஞ்சியை நீதான் கொடுத்தாய். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் படுத்திருக்கிறாய். ஆறரைக்கு நான் எழுப்பியபோது நீ இல்லை.

சாவு வீட்டில் எடுக்கும்வரை அடுப்பு எரியக் கூடாது. பங்காளி வந்து காஸை மூடிவிட்டார். எட்டு மணிக்கு பிளாஸ்கில் இருந்த பாலைக் கொடுத்தேன். அதற்குள் தெருவே உள்ளே வந்துவிட்டது. அம்மா போன பிறகு எனக்கு அம்மா மாதிரி இருந்த சித்தி பேரணாம்பட்டிலிருந்து வந்தாள். பவுடரும் கிண்ணமும் இருந்த பையைக் கொடுத்துச் சொன்னேன்: "சித்தி, பக்கத்து வூட்ல வச்சி கஞ்சி காச்சி பதினொண்ணுக்கு ஒரு தடவ, ரெண்டுக்கு ஒரு தடவ குடுத்துடு. மறக்காத." அவள் என் கன்னத்தைத் துடைத்துவிட்டு, "குழந்தைய நான் பாத்துக்கறேன். நீ உங்கப்பனுக்கு நல்லா அழு" என்றாள்.

அழுதேன். ஒவ்வொருத்தியாகக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எழுந்திருக்க விடாமல் அழவைத்தார்கள். நடுவில் இரண்டு முறை ஆள் அனுப்பிக் கேட்டேன். "சாப்ட்டா, நல்லா தூங்குறா" என்று பதில் வந்தது. நம்பினேன். நம்பாமல் எழுந்து போயிருந்தால், பிணத்தைப் போட்டுவிட்டு எங்கே போகிறாள் என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால்தான் என்ன?

இரண்டரை மணிக்கு உன்னைக் குளிப்பாட்டி, நெற்றியில் காசு வைத்து, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். பெற்ற மகள் முதலில் வா என்றார்கள். முறத்திலிருந்து ஒரு பிடி அரிசி அள்ளிக்கொண்டு உன் தலைமாட்டில் குனிந்தேன். அப்போது என் புருஷன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் இனியா. கழுத்து பின்னால் தொங்கியது, கண் பாதி திறந்திருந்தது, கூப்பிட்டால் அசைவில்லை.

காலை எட்டு மணிக்குக் குடித்த பால். அதற்குப் பிறகு ஒரு வாய் கிடையாது. உன் வாய்க்கு அரிசி போட அத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் அப்பா. அவள் வாய்க்குப் போட ஒருத்தருக்கும் தெரியவில்லை.

அவரோடு நான் வாசலுக்கு ஓடினேன். பின்னால் பங்காளி கத்தினார்: "ஒரு நிமிசம், அரிசியப் போட்டுட்டு போம்மா." முரளி, "அக்கா" என்று ஒரு முறை கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. உள்ளூர் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸில் வேலூருக்கு அனுப்பினார்கள். அதற்கு முன் கையெழுத்துப் போடச் சொன்னபோதுதான் என் பிடியைத் திறந்தேன். அரிசி தரையில் கொட்டியது. "இன்னாம்மா இது, ஆஸ்பத்திரில அரிசி?" என்று கேட்டுவிட்டு ஆயாம்மா துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினாள்.

நாங்கள் மாதனூர் தாண்டிக்கொண்டிருந்தபோது உன்னை எடுத்தார்களாம்.

பதினோரு நாள் ஐசியூ. உயிர் திரும்பியது, மற்றது திரும்பவில்லை. இப்போது அவள் நிற்பதில்லை. விழுங்க முடியாததால் மூக்கில் குழாய் போட்டிருக்கிறார்கள். உன் "தா" போய்விட்டது. உன் படத்தைக் காட்டினால் பார்க்கிறாள். அடையாளம் தெரிகிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

வார்டு வாசலில் சித்தி என் காலில் விழப் பார்த்தாள். "தூங்குற குழந்தைய எழுப்பக் கூடாதுன்னு வுட்டுட்டேன்டி. நீ பேஜாராவக் கூடாதுன்னுதான் சாப்ட்டான்னு சொன்னேன். சளிதானே, ரெண்டு வேள தள்ளிப்போனா இன்னா ஆயிடும்னு நெனச்சேன். இப்டின்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வுட்டிருப்பனா?" என்றாள். அவளை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறையவில்லை. அவளுக்குச் சளி என்று சொன்னது நீ. அதை ஆமோதித்தது நான்.

இன்னொன்றும் கேள். நெமிலியிலிருந்து பெண்ணின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மேல்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்று, "எங்கண்ணனுக்கும் ஒரு பொண்ணு இருந்திச்சிம்மா, நடக்காது. பத்து வயசு வரைக்கும் நாங்கதான் தூக்கினு திரிஞ்சோம். இதப் போயி இன்னாத்துக்கு மறச்சீங்க?" என்றார். சம்பந்தம் அப்படியேதான் இருக்கிறது. தையில் கல்யாணம்.

டாக்டரிடம் இந்த முறை காதைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். "இந்த வகை தாய் வழியா மட்டும்தான் போகும்மா. உங்க தம்பி பிள்ளைங்களுக்கு இதனால ஒண்ணும் வராது. இத நான் முதல் தடவையே சொன்னேனே" என்றார். சொல்லியிருக்கிறார் அப்பா. நீ எழுந்து போன பிறகு சொல்லியிருக்கிறார். எவனுக்கு ஆபத்து என்று பயந்து அத்தனையையும் மூடினாயோ அவன் பிள்ளைகளுக்கு இது வரவே வராது. இதற்கு நான் அழுவதா சிரிப்பதா, நீயே சொல்.

உன்மேல் எனக்குக் கோபம்தான். மறைத்து வைக்க மாட்டேன். ஆனால் உன்னைப்போல் அவளைப் பார்த்துக்கொள்ளவும் ஆளில்லை, அந்தக் கோபமும் சேர்ந்துகொள்கிறது. ஒவ்வொரு வேளையும் உன்னைத் திட்டிக்கொண்டேதான் சிரிஞ்சில் கஞ்சியை ஊற்றுகிறேன்.

நாங்கள் உன் வீட்டில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தில் என்னை யாரும் எதற்கும் கூப்பிடவில்லை. "பெத்தவனுக்கு ஒரு புடி அரிசி போடாதவ" என்று என் காதுபடவே பேசினார்கள். அந்த வாரமே காலி செய்து இரண்டு தெரு தள்ளி வந்துவிட்டோம். கம்பெனி வேலையை விட்டேன். அப்பரை வீட்டுக்கு வாங்கி வந்து கையால் தைக்கிறேன்.

இந்த வீட்டில் எதையும் ஒளித்து வைப்பதில்லை. டப்பாக்கள் ஜன்னலோரம் இருக்கின்றன. சுவரில் ஒரு பேப்பர் ஒட்டியிருக்கிறேன். என்ன நோய், எத்தனை மணிக்கு எவ்வளவு, எந்த ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று எழுதி, கடைசியில் பெரிய எழுத்தில்: தூங்கினாலும் எழுப்பவும். காஸ் போட வருகிறவர்கூடப் படித்துவிட்டு, "பாவம்மா" என்று சொல்லிவிட்டுப் போகிறார். அந்தப் பாவத்துக்குத்தானே நீ அவ்வளவு பயந்தாய்? அது ஒன்றும் கடிப்பதில்லை அப்பா.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். அவளைத் தூக்கிக்கொண்டுதான் வருவேன், மூக்குக் குழாயோடு, கூடத்தின் நடுவில் உட்காருவேன். அந்தப் பேப்பரைப் போலவே இன்னொன்று எழுதி வைத்திருக்கிறேன், அதை உன் மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவேன். யார் கேட்டாலும் நோயின் பெயரைச் சொல்வேன். சித்திக்குச் சிரிஞ்சைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பேன்.

படையல் போட்டு, காக்கைக்கு வைத்து, அது வந்து எடுக்கும்வரை வீட்டில் யாரும் வாயில் தண்ணீர்கூட ஊற்றக் கூடாது என்று பங்காளி சொல்வார். சொல்லட்டும். பதினோரு மணிக்கு என் போனில் அலாரம் அடிக்கும். நான் எழுந்து போய் உன் வீட்டு அடுப்பைப் பற்றவைப்பேன். உனக்கு இலை போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், முதல் வாய் அவளுக்குத்தான்.

அதுவரை நீ பொறுத்திரு அப்பா. உன்னால் காத்திருக்க முடியும். அவளால் முடியாது.

உன் மகள்,
இனியாவின் அம்மா
கலை