ஸ்பீக்கருக்கு அழிச்ச நம்பர்

அஞ்சலாட்சி,

நீ சந்தைக்குப் போனதும் டிவி ரிப்பேர் பாக்கற சாதிக் அலி தம்பி வந்தாரு. டிவி, கேபிள் பாக்ஸ், ஸ்பீக்கர் மூணுக்கும் ரிமோட்ல கோட் நம்பர் போட்டு மறுபடி ஒரே ரிமோட்டா ஆக்கிட்டாரு. "ரிமோட்ல இருந்த ஸ்பீக்கர் நம்பரை வூட்டம்மா சொல்லித்தான் போன மாசம் அழிச்சேன் ஐயா"ன்னாரு.

ஒரு மாசமா சத்தம் ஏறலன்னு பட்டனை அமுக்கிக்கினு இருந்தேனே! "சத்தமாத்தான் இருக்குது, மைன்ஸ்ல நீங்க ஓட்டுன மெஷின் உங்க காதைத் தின்னுடுச்சி"ன்னியே! செவிடாயிட்டேன்னு நம்பி, மக வெண்மதி போனைக்கூட எடுக்காம இருந்தேன். சத்தம் தாங்கலன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா குறைச்சிருக்க மாட்டேனா?

காது டாக்டர் சீட்டைக் கிழிச்சிட்டேன். முத்தாண்டிக்குப்பத்துக்கு வெண்மதி வூட்டுக்குப் போறேன். சாவி பக்கத்து குவார்ட்டர்ஸ்ல இருக்குது.

கண்ணையன்

சோறு ஆயிடுச்சி, ஆறுறதுக்குள்ள சாப்பிடு. குக்கர் மூணு விசில் அடிச்சுது. மூணையும் வாசல்ல நின்னே எண்ணிட்டு வந்துதான் அணைச்சேன்.