சர்க்கரை போட்ட டீ

நீ தூங்கிட்டிருந்ததால எழுப்பலைன்னு எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய். நேர்ல சொல்ல முகமில்லை.

சாப்பாடு மூடி வச்சிருக்கேன், சூடு பண்ணிக்கோ.

பத்து மணிக்கு என் ஆபீஸ் நண்பர் வருவார். போன மாசம் டீ போட்டுக் கொடுத்தியே, அவர்தான். நண்பர் இல்லை. கடன் வசூலிக்க பேங்க்ல இருந்து வர்றவர். உன் முன்னாடி என் மானம் போகக்கூடாதுன்னு அன்னைக்கு அவர் வாயைத் திறக்கலை.

'புருஷன் பொண்டாட்டி ரெண்டே பேர், புள்ளையா குட்டியா, நமக்கென்ன செலவு'ன்னு நாலு கிரெடிட் கார்டைத் தேய்ச்சேன். நாலையும் வெட்டி உன் அலமாரியில வச்சிருக்கேன். பக்கத்துல இருக்கிற கவர்ல இந்த மாசத் தவணை இருக்கு, அவர்கிட்ட கொடுத்துடு. இனிமே சம்பளம் உன் கையில.

பி.கு.: அவருக்கு டீயில சர்க்கரை வேண்டாம். சுகர் இருக்காம். அன்னைக்கு உன்கிட்ட சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே குடிச்சாராம். கூச்சப்பட வேண்டிய நான் ரெண்டாவது கப் கேட்டு வாங்கிக் குடிச்சேன்.